வைரசு இல்லாத பரம்பரையலகுச் சிகிச்சை: செய்திகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க் கலங்களுக்குள் வைரசின் துணையின்றியே பரம்பரையலகைச் (ஜீனைச்) செலுத்தும் முறைகள் பற்றிய செய்தி கைத்தொலைபேசிக்கு வந்ததும், தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையில் நடந்துகொண்டிருக்கும் மருந்தேற்றலை ஒத்திவைக்கலாமா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கக்கூடும். ஒத்திவைக்கக் கூடாது, அந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுகூடத்தையோ பரிசோதனைக் கட்டத்தையோ தாண்டவில்லை.

வைரசு இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்பது பரவலான தவறு. 1999 இல் அமெரிக்காவில், ஈரலைச் சார்ந்த பரம்பரை நோயொன்றுக்காக பரம்பரையலகைச் சுமந்துசெல்லும் அடினோவைரசுக் காவி ஏற்றப்பட்ட 18 வயது ஜெசி கெல்சிங்கர் இறந்தபின் வைரசுக் காவிகள் மீது அச்சம் கூடியது உண்மையே. ஆனால் மாற்றாக ஆராயப்படும் பொலிஎதிலீன்இமீன் போன்ற பல்பகுதியங்களில், மறையேற்றமுள்ள டி.என்.ஏ.யைச் சுருட்டிப் பிடிக்கும் அதே நேரேற்றந்தான் கலமென்சவ்வையும் சிதைக்கிறது. றால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசனின் நச்சுத்தன்மை குறைவு. எனினும் உடலின் நடுநிலைச் சூழலில் அது நன்கு கரைவதில்லை.

கலத்துக்குள் நுழைந்தாற் போதும் என்று கருதுவதும் பிழை. பரம்பரையலகைச் சுமக்கும் துணிக்கையைக் கலம் ஒரு சிறு பைக்குள் வைத்தே விழுங்குகிறது. அந்தப் பை படிப்படியாக அமிலமாகி கலத்தின் செரிமானப் பையான இலைசோசோமில் முடிவதால், அதிலிருந்து தப்பாத சரக்கு செரிக்கப்பட்டுவிடும். தப்பினாலும் டி.என்.ஏ. கலத்தின் கருவுக்குள்ளும் போகவேண்டும், புரதம் செய்வதற்கான செய்தியைத் தாங்கும் தூது ஆர்.என்.ஏ.க்கோ கருவைச் சூழ்ந்த குழியவுருவே போதும். ஆகவே இவ்விரண்டின் முடிவுகளையும் ஒன்றாகக் கலந்து பேசக் கூடாது.

தூது ஆர்.என்.ஏ. வகைக் கொவிட் தடுப்பூசி பலித்ததே, புற்றுநோய்க் கட்டிக்கும் பலிக்காதா என்ற கேள்வியில்தான் மிகப் பெரிய வழுக்கல் இருக்கிறது. தடுப்பூசியில் சில கலங்கள் புரதத்தைச் செய்தாலே நோயெதிர்ப்புத் தொகுதி மீதியைப் பார்த்துக்கொள்ளும்; கட்டி உருவாவதைத் தடுக்கும் பி53 பரம்பரையலகு பழுதடைந்தால் அதற்கு மாற்றுக் கொடுப்பதென்றால் கட்டியின் பெரும்பாலான கலங்களை எட்டவேண்டும். அத்தடுப்பூசியிற் பயன்பட்டவை போன்ற கொழுப்பு நுண்துணிக்கைகளோ, நாளத்தில் ஏற்றப்படும்போது அப்போலிப்போபுரதம் ஈ என்ற குருதிப் புரதம் ஒட்டிக்கொள்வதால் பெரும்பாலும் ஈரலுக்கே போய்ச் சேர்கின்றன. இத்தகைய துணிக்கைகளில் அடைக்கப்பட்டு 2018 இல் அங்கீகாரம் பெற்ற பற்றிசிரான், ஈரலில் உருவாகும் புரதமொன்றைக் குறைக்கும் மருந்தாக அமைந்ததற்கு இது பெரிதும் உதவியது. இதனாற்றான் கட்டிக்குள் நேரடியாக ஊசியேற்றுவதும், மின்துடிப்பால் மென்சவ்வில் தற்காலிகத் துளையிடுவதும் பெரும்பாலும் கைக்கெட்டும் கட்டிகளில் முயலப்படுகின்றன.

எலியிற் கட்டி சுருங்கியது என்ற வரியை மனிதருக்கான உறுதிமொழியாக வாசிக்கவும் வேண்டாம். மெலனோமா என்ற தோற்புற்றுநோய்க் கட்டிக்குள் ஏற்றப்பட்ட, கொழுப்புடன் கலந்த டி.என்.ஏ. மருந்தான அல்லோவெக்டின்-7, மனிதரிடத்து நடந்த முன்கட்டங்களிலேயே நம்பிக்கை தந்து மூன்றாங் கட்டப் பரிசோதனை வரை வந்தபோதும், 2013 இல் எதிர்பார்த்த பயனைக் காட்டாததால் கைவிடப்பட்டது.