பல் நகரவில்லையா? கம்பியை இறுக்காதீர்கள்

பல்சீரமைப்பு படிக்க வரும் ஒவ்வொரு பேட்சும், நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறது. கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட்டைப் பல்லில் தலைகீழாக ஒட்டுவது, கம்பி நுனியை வெட்டாமல் அனுப்புவது எல்லாம் இங்கே வேண்டாம். கன்னத்தில் குத்தினால் நோயாளியே மறுநாள் வந்து நிற்பார். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் நாரும் அப்படிப் புகார் சொல்வதில்லை.

அவசரப்பட்டு விசையைக் கூட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அண்மையில் ஒரு மாணவி, முன்கடைவாய்ப்பல்லை எடுத்த இடத்துக்குள் மேல் கோரைப்பல்லை இழுத்துக்கொண்டிருந்தார். நான்கு வாரமாகியும் அசைவில்லை. பல்லை இழுக்கும் ரப்பர் சங்கிலியான பவர் செயினில் ஒரு கண்ணியைக் குறைத்து இழுத்து மாட்டிவிட்டார். விசையை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 300 கிராம். “அசையவே மாட்டேங்குது சார், அதான்” என்றார்.

அசையாமல் போனதே அதிக விசையால்தான். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் நார்ப்படலம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமன். ரத்தக் குழாய்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. தந்துகிகளின் ரத்த அழுத்தத்தை, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராமை, நாம் கொடுக்கும் அழுத்தம் தாண்டக் கூடாது என்று ஆய்வாளர் ஷ்வார்ட்ஸ் 1932-லேயே எழுதிவிட்டார். மெல்லிய விசை கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் எலும்பைக் கரைக்கும் செல்கள் அழுத்தப் பக்கம் வந்து வேலையைத் தொடங்கும். இழுபடும் பக்கத்தில் புது எலும்பு படியும்.

நசுக்கினால் ரத்தம் நின்று, அங்குள்ள செல்கள் செத்துவிடும். நுண்ணோக்கியில் அந்த இடம் கண்ணாடி போல வெறுமையாகத் தெரியும். கரைக்கும் செல்கள் அதற்குள் பிறக்க வழியில்லை. வாசல் அடைபட்டால் கொல்லைப்புறமாக வருவதுபோல, எலும்பின் உள்பக்கத்து மஜ்ஜை இருக்கும் இடைவெளிகளிலிருந்து அவை குடைந்துகொண்டு வரவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பல் நின்ற இடத்தில்தான் நிற்கும். அந்த நேரத்தில் மறுபடி இறுக்கினால் மறுபடி நசுங்கும்.

இதற்குள் பின்னால் நடப்பதுதான் பெரிய நஷ்டம். கோரைப்பல்லை இழுக்கும் அதே விசை கடைவாய்ப்பல்லையும் முன்னோக்கி இழுக்கிறது. அதன் வேர்ப்பரப்பு பெரிது என்பதால் 100 கிராம் அங்கே பரவி நீர்த்துப்போகும். 300 கிராம் என்றால், கோரைப்பல் பூட்டிக்கொள்ள, கடைவாய்ப்பல்லுக்கு நகர்வதற்கு வசதியான அளவு கிடைத்துவிடுகிறது. இடம் என்னவோ மூடுகிறது. மூடுவது கடைவாய்ப்பல். தூக்கலான முன்பற்களை உள்ளே கொண்டுபோகத்தானே நல்ல பல்லை எடுத்தோம்? போன இடத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதிக விசையில் வேர் நுனி கரைந்திருந்தால் அது வளரவே வளராது.

சாய்க்காமல் முழுப் பல்லாக நகர்த்த 70 முதல் 120 கிராம் போதும். வேர்த்திசையில் உள்ளே அழுத்த 10 முதல் 20. மாதம் ஒரு மில்லிமீட்டர் வந்தால் நல்ல வேகம். “எப்ப டாக்டர் முடியும்?” என்று அம்மா கேட்பார், கேட்கட்டும்.

வலிக்கு ஐபுப்ரூஃபன்

நாள்கணக்கில் வேண்டாம். அது தடுக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் எலும்பைக் கரைக்கும் வேலைக்கே ஆள் கூப்பிடுகிறது. பாராசிட்டமால் எழுதுங்கள்.

திருகிய பல் நேரானதும் கழற்றுவது

வேரைச் சுற்றிய நார்கள் மூன்று நான்கு மாதத்தில் சீராகிவிடும். ஈறுக்குள் ஓடும் நார்களுக்கு அந்த அவசரம் கிடையாது. பல்லைத் திருப்பிவைத்து 232 நாள் கழித்தும் அவை இழுபட்டபடியே இருந்ததை ஆய்வாளர் ரைட்டன் நாய்களில் காட்டினார். மனிதரில் ஒரு வருடம் வரைகூட ஆகலாம். பல் திரும்பிப் போகாமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னர் கொடுங்கள், மோசமாகத் திருகியிருந்தால் அந்த நார்களை வெட்டிவிடுவதைப் பற்றியும் யோசியுங்கள்.

ஈறு வீக்கத்தோடு தொடங்குவது

முதலில் கிளீனிங், அப்புறம் கம்பி.

மாத்திரைகளைக் கேட்காமல் விடுவது

வயதானவர்களும் இப்போது கிளிப் போட வருகிறார்கள். “எலும்பு பலத்துக்கு வாரம் ஒரு மாத்திரை” என்று யாராவது சொன்னால் பெயரைப் பாருங்கள். அலென்ட்ரோனேட் என்றால், எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. பல்லை எடுக்க நாள் குறிப்பதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.