ஈவுத்தொகைக்காகப் பங்கு வாங்குவோர் கவனிக்க வேண்டிய தேதி

ஒரு நிறுவனம் ஈவுத்தொகைக்கென (லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் தொகை) அறிவிக்கும் பதிவுத் தேதியன்று யாருடைய டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) பங்கு இருக்கிறதோ, அவருக்கே அத்தொகை கிடைக்கும். இந்தியப் பங்குச் சந்தையில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளும் வழக்கமாக வாங்கிய மறு வேலைநாளில் கணக்கில் வந்து சேர்வதால், பதிவுத் தேதி புதன்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் வாங்கியிருக்க வேண்டும். செவ்வாய் விடுமுறை என்றால் அதற்கும் முன்பே. புதனன்று வாங்கினால் ஈவுத்தொகை விற்றவருக்கே போகும்.

புதியவர்கள் பலரும் கவனிக்கத் தவறுவது வேறொன்று: 500 ரூபாய்ப் பங்குக்கு 10 ரூபாய் ஈவுத்தொகை என்றால், அந்த உரிமை நீங்கும் நாளில் (மேலே சொன்ன புதன்கிழமை போல) பங்கின் விலையும் ஏறத்தாழ 10 ரூபாய் குறைந்து தொடங்குவது இயல்பு. பெறும் தொகை வருமான வரிக்கும் உட்பட்டது என்பதால், ஈவுத்தொகையை மட்டும் கருதிக் கடைசி நாளில் அவசரமாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.