துபாய்க்குப் புதுசா வர்றவங்க நெட் கால்ல பண்ற தப்புகள்

போன மாசம் எங்க ரூமுக்குப் புதுசா ரெண்டு பசங்க வந்தாங்க, ஒருத்தன் பரமக்குடி, இன்னொருத்தன் அறந்தாங்கி பக்கம். வந்த ராத்திரியே பரமக்குடிப் பையன் பெட்டியக்கூட பிரிக்காம அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல கால் போடுறான், சுத்துது, கட் ஆகுது, திரும்பப் போடுறான், அரை மணி நேரமா இதேதான். போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டான், கண்ணு கலங்கிருச்சு. நான் துபாய்ல வேலைக்காரங்க தங்குற சோனாப்பூர் கேம்புக்கு 2012ல வந்தேன், அப்ப வாட்ஸ்அப்ல கால் பேசுற வசதியே கிடையாது, அது 2015லதான் வந்துச்சு, காலிங் கார்டைச் சுரண்டி நம்பர் அடிச்சுப் பேசுன காலம். ஆனா அதுக்கப்புறம் நான் பண்ண தப்பையெல்லாம் இந்தப் பசங்களும் வரிசையா பண்றதப் பார்த்துட்டுத்தான் இத எழுதுறேன். வைஃபை பாஸ்வேர்டு, தெரியாத லிங்க்னு எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடுறேன்.

அம்மா போன்ல ஆப் ஏத்தாம பிளைட் ஏறுறது

அமீரகத்துல வாட்ஸ்அப் மெசேஜ் போகும், போட்டோ போகும், வாய்ஸ் நோட் போகும், கால் மட்டும் போகாது. நெட் வழியா பேசுற சேவைக்கு இங்க லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் உள்ள ஆப்லதான் பேச முடியும், நம்மாளுங்க அதிகமா வச்சிருக்கறது போட்டிம். விஷயம் என்னன்னா, அந்த ஆப் உங்க போன்ல இருந்தா மட்டும் பத்தாது, அம்மா போன்லயும் இருக்கணும். இங்க வந்து சேர்ந்தப்புறம் "ப்ளே ஸ்டோர் போம்மா, தேடும்மா, ஓகே குடும்மா"ன்னு வாய்ஸ் நோட்ல சொல்லிக் குடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு சொல்லி முடியாது. ஊர்லயே ஏத்தி, மைக் பர்மிஷன், கான்டாக்ட் பர்மிஷன் எல்லாம் குடுத்து, அடுப்படியிலேருந்து வாசலுக்கு ஒரு தடவை கால் போட்டு அம்மாவையே எடுக்க வச்சுப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

விபிஎன்

நீங்க வேற நாட்டுல இருக்கற மாதிரி காட்டி, அடைச்சு வச்ச வாட்ஸ்அப் காலத் திறக்கற ஆப் இது. வேண்டாம். விபிஎன் வச்சிருக்கறதே குத்தம்னு சட்டம் சொல்லல, ஆனா அத வச்சு சட்டத்துக்கு எதிரா ஒண்ணு பண்ணா 2021ம் வருஷத்து சைபர் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹத்துலேருந்து 20 லட்சம் வரைக்கும் போகும். நம்ம சம்பளத்துக்கு இந்த ரிஸ்க் தேவையே இல்ல.

ஊர் சிம்மை சாக விடுறது

இதான் எனக்கு இன்னிக்கும் ஆறாதது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

இங்க வந்ததும் எல்லாரும் இந்த ஊர் சிம் வாங்கிப் போட்டுக்குறோம், ஆனா வாட்ஸ்அப் மட்டும் ஊர் நம்பர்லயே ஓடும். சிம் இல்லாமயே ஓடுதேன்னு நாமளும் கண்டுக்கறதில்ல. நானும் அப்படித்தான், ஊர் சிம்மை ஒரு சின்னத் தாள்ல மடிச்சு பர்ஸ்ல வச்சவன் அதோட மறந்துட்டேன். நம்ம நாட்டு விதி என்னன்னா, 90 நாள் அந்த சிம்ல காலும் இல்ல, மெசேஜும் இல்ல, நெட்டும் இல்லன்னா கம்பெனிக்காரன் நம்பர நிறுத்திடலாம். ப்ரீபெய்டுல 20 ரூபா பேலன்ஸ் இருந்தா அதப் புடிச்சுக்கிட்டு இன்னொரு 30 நாள் ஓட்டுவான், அவ்வளவுதான். நிறுத்துன நம்பர 90 நாள் சும்மா வச்சிருந்துட்டு வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

2018ல சைட்ல நாலாவது மாடியிலேருந்து என் போன் விழுந்து நொறுங்கிருச்சு. புதுசு வாங்கி வாட்ஸ்அப் ஏத்துறேன், ஊர் நம்பருக்கு ஓடிபி அனுப்பிட்டேன்னு வருது. பர்ஸ்லேருந்து சிம்ம எடுத்துப் போட்டா நெட்வொர்க்கே எடுக்கல. அந்த நம்பர் அப்பவே வேற யாரு கைக்கோ போயாச்சு. சாட் பேக்கப் கூகுள் ட்ரைவ்ல பத்திரமா இருந்துச்சு, ஆனா அதே நம்பர் இருந்தாத்தான் அது திறக்கும். அப்பா 2017ல தவறிட்டாரு. அவர் அனுப்புன கடைசி வாய்ஸ் நோட் அதுலதான் இருந்துச்சு, 11 செகண்ட், "நல்ல மழைப்பா, கம்மா நிறைஞ்சிருச்சு, நீ சாப்ட்டியா"ன்னு. பின்னால ஆடு கத்துற சத்தம்கூட கேக்கும். போயிருச்சு.

அதோட விடல. நான் புது நம்பர்ல வந்தது புரியாம அம்மா ரெண்டு வாரம் பழைய நம்பருக்கே பேசி அனுப்பிட்டு இருந்திருக்கு, எடுத்தவர் நல்ல மனுசன், "அம்மா நான் உங்க புள்ள இல்ல"ன்னு திருப்பி அனுப்பிருக்காரு. வேற ஆளா இருந்து அவசரமா பத்தாயிரம் போடுங்கன்னு கேட்டிருந்தா அம்மா போட்டிருக்கும். பேங்க்லயும் அதே நம்பர்தான், தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் அட்வான்ஸ் அனுப்ப முடியல, நம்பர் மாத்த நேர்ல வரணும்னு சொல்லிட்டாங்க. எமர்ஜென்சி லீவு போட்டு, டிக்கெட் போட்டு ஓடினேன். ஒரு சின்ன ரீசார்ஜ்ல முடிஞ்சிருக்க வேண்டியது.

எனக்கு எரிச்சல் வர்றது எதுலன்னா, தப்பிக்கறதுக்கு ரெண்டு நிமிசம் போதும். பழைய போன் உயிரோட இருக்கும்போதே வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்டுக்குப் போய் 'நம்பர் மாத்து'ன்னு இருக்கறத அழுத்தி இந்த ஊர் நம்பருக்கு மாத்திக்கலாம், சாட் எல்லாம் அப்படியே இருக்கும். ஊர் நம்பரே வேணும்னா கிளம்பறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் பண்ணிட்டு, ரெண்டு சிம் போன்ல ரெண்டாவதா போட்டு, டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணிட்டு, அந்த நம்பருக்கு வர்ற கால எடுக்காம ஓடிபி மெசேஜுக்கு மட்டும் வச்சுக்கங்க. மாசத்துக்கு ஒரு தடவ அதுலேருந்து ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க, ரீசார்ஜ் முடியற தேதிய போன் அலாரத்துலயே போட்டு வைங்க.

சில பேரு சிம்ம தங்கச்சிகிட்ட குடுத்துட்டு வந்து, ஓடிபி வரும்போது போன்ல படிக்கச் சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படல. நம்பர் படிச்சுச் சொல்றது அந்தப் புள்ளைக்குப் பழகிப்போயிடும், நாளைக்கு எவனோ பேங்க்லேருந்து பேசுறேன்னு கேட்டாலும் அதே மாதிரி படிச்சிடும்.

டூ ஸ்டெப் பின் போடாம இருக்கறது

வாட்ஸ்அப்ல ஓடிபிக்கு மேல இன்னொரு பூட்டு மாதிரி நாமளே வைக்கிற பின் இது. இன்னிக்கே போடுங்க. 6 நம்பர்.

ராத்திரி 9 மணிக்கு வீடியோ

ஷிப்ட் முடிஞ்சு குளிச்சு சாப்ட்டு கேம்ப்ல எல்லாரும் ஒரே நேரத்துல வைஃபைல ஏறுறது எட்டரையிலேருந்து பத்து. வாய்ஸ் கால் நிமிசத்துக்கு அரை எம்பி கிட்டதான் எடுக்கும், வீடியோ அதப் போல பத்து மடங்கு. படம் உறைஞ்சு உறைஞ்சு நிக்கறதப் பார்த்து "கேக்குதா கேக்குதா"ன்னு கத்திட்டு இருக்கறதுக்கு வீடியோவ அணைச்சுட்டா குரல் தெளிவா வந்துரும். இங்க 9னா ஊர்ல பத்தரை, அம்மா தூக்கக் கலக்கத்துல இருப்பாங்க. நான் காலையில 5 மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கும்போது பேசிடுவேன், ஊர்ல ஆறரை, அம்மா வாசல் தெளிச்சுட்டு இருக்கும், லைனும் காலியா இருக்கும்.

"அம்மா போன் அடிக்கவே மாட்டேங்குது"

நெட்டுல குறை இல்ல, பேட்டரி சேவர்தான் காரணம். நிறைய ஆண்ட்ராய்டு போன் ரொம்ப நேரம் தொடாத ஆப்ப பின்னாடி மூடி வச்சிடும், கால் வந்தாலும் எழுந்திருக்காது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்ட எடுத்துட்டு, ஆட்டோ ஸ்டார்ட்னு இருந்தா அதையும் ஆன் பண்ணிடுங்க.

இன்னொண்ணு, அம்மா குரல் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்தா அவங்க போன எப்படிப் புடிச்சிருக்காங்கன்னு பாருங்க. எங்கம்மா போனோட அடிப்பக்கத்த உள்ளங்கையில வச்சு இறுக்கிப் புடிக்கும், மைக் ஓட்டை அங்கதான் இருக்கு. சுண்டு விரல நகத்தச் சொன்னேன், சரியாப் போச்சு.

கால் லிஸ்டப் பார்த்து அமுக்குறது

நெட் கால் கட் ஆனதும் அவசரத்துல போன்ல கடைசி நம்பர அமுக்கிடுவோம், அது சாதா ஐஎஸ்டி காலாப் போயிடும். பேலன்ஸ் மொத்தமும் போனப்புறம்தான் தெரியும். ஆப்ப திறந்து அதுக்குள்ளேருந்தே கூப்பிடுங்க.

பேலன்ஸ சுத்தமா காலி பண்றது

மேல சொன்னதுக்காக பேலன்ஸே வைக்காம இருக்காதீங்க. ஊர்ல கரண்ட் இல்ல, டவர் இல்ல, அம்மாவுக்கு டேட்டா தீர்ந்துருச்சுன்னா ஐஎஸ்டி ஒண்ணுதான் வழி. ரெண்டு மூணு நிமிசம் பேசுற அளவுக்கு எப்பவும் தொடாம வச்சிருங்க, கூடவே அம்மா போன் வேலிடிட்டி என்னிக்கு முடியுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணும் வேணும்.

பரமக்குடிப் பையன் இப்ப போட்டிம்ல நல்லாப் பேசுறான். ஊர் சிம் எங்கடான்னு நேத்து கேட்டேன், பெட்டியில அரைஞாண் கயிறு சுத்தி வச்ச தாளுக்குள்ள இருக்குங்கறான். இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் உக்கார வச்சு அத போன்ல போட வைக்கணும்.