கல் குதிரையை வரைய ஒரு வழி

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்கெட்ச் போடுகிறவர்கள் ஏ5 நோட்டு, 2பி பென்சில், தூள் சிந்தாத டப்பா ஷார்ப்னர் எடுத்துக்கொண்டால் போதும். மையும் வாட்டர்கலரும் தங்கும் அறையிலேயே கிடக்கட்டும்.

நேராக 18-ஆம் அறை. ஏதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினானின் சிற்பங்களில், நிலவுத் தெய்வம் செலினியின் தேர்க் குதிரைத் தலையைப் பிடியுங்கள். பலரும் கண்ணில் தொடங்குவார்கள். தாடைக்கு வரும்போது தாளில் இடம் இருக்காது. முதலில் மூக்கு நுனி, பிடரி, தாடை மூன்றுக்கும் புள்ளி வையுங்கள். கீழ்த்தாடை பீடத்தின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். களைத்த குதிரை என்பது அதில்தான் தெரியும். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூக்குத்துளை, திறந்த வாய் இரண்டின் நிழலை மட்டும் அழுத்துங்கள். பதினைந்து நிமிடம் தாண்டினால் கை மெருகேற்றத் தொடங்கிவிடும். அடுத்த பக்கம், வேறு கோணம்.