வாசற்கல் ஆண்டை நம்பிப் பதிவேடு தேடாதீர்கள்

ரங்கூனிலிருந்து சிவகங்கைப் பக்கம் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது கத்தோலிக்கக் கோயில் வாசற்கல்லில்தான். அதில் இருப்பது அடிக்கல் நாட்டிய ஆண்டு, அல்லது கோயிலை மந்திரித்துத் திறந்த ஆண்டு. கோயில் எழும்பியதால் மட்டும் ஊர் பங்காகிவிடாது; பங்கு என்றால் தனக்கெனச் சாமியாரும் பதிவேடும் உள்ளது. ஆயர் ஆணை பிறப்பித்துத் தனிப்பங்காக உயர்த்த வேண்டும். அதுவரை அது வேறொரு பங்கின் கிளை; அந்தத் தாய்ப்பங்குச் சாமியார் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெயரெல்லாம் தாய்ப்பங்கு ஏட்டில்தான் ஏறியிருக்கும்.

ஆகவே, "பதிவேடு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவார்கள். எங்கே இருக்கிறது என்பதைத் தானாக யாரும் சொல்வதில்லை. "இது எந்த வருஷம் தனிப்பங்கானது? அதற்கு முன் எதற்குக் கிளை?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் தெரியாவிட்டால் பழைய உபதேசியார் (ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்) குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும். ஆயர் இல்லம் போவதானாலும், எந்த ஆயர் இல்லம் என்பதை ஆண்டுதான் சொல்லும்: திருச்சி மறைமாவட்டம் 1886-இல் வந்தது, அதிலிருந்து மதுரை 1938-இல், மதுரையிலிருந்து சிவகங்கை 1987-இல்.

ரங்கூனில் நம் பங்குச் சாமியாரின் முத்திரையிட்ட கடிதம் இரண்டு கையில் இருக்கட்டும். ஏடு கிடைத்தும், கையெழுத்துப் போட வேண்டியவர் தியானத்துக்குப் போயிருந்தால் அந்த வாரம் போச்சு. போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். ராயப்பன் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், அருளப்பன் யோவான்னெஸ். ஒரே பக்கத்தில் மூன்று பெத்ருஸ் நிற்பார்கள். தாய், தகப்பன், ஞானத்தகப்பன் மூவர் பெயரும் பொருந்தினால்தான் நம் ஆள். ரங்கூன் திருமணப் பதிவின் நகலைக் கொண்டுபோவது இதற்காகத்தான்.

கோயில் திருவிழாக் கொடியேறிய பிறகு போகவே போகாதீர்கள். பெரியப்பா வீட்டார் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு ஊர் வாங்குவது) பாக்கியைக் கொள்ளுத்தாத்தா கப்பலேறிய வருஷத்திலிருந்து கணக்குப் போடுவார்கள். அவர்கள் கணக்கில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு பாடற்பூசைக்குப் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். பேச்சு அதோடு நிற்கும்.

பதிவு கிடைத்ததும் அதன் ஓரத்தைப் பாருங்கள். 1908 முதல், திருமணம் முடித்த பங்கு ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அது ஓரத்தில் குறிக்கப்படும். அங்கே ரங்கூன் என்றிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. வெறுமையாக இருந்தால் ஆள் வேறு என்று முடிவுகட்டாதீர்கள். ரங்கூனிலிருந்து யாரும் எழுதிப் போடாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.