குளிர்காலக் கிறிஸ்துமஸ் காக்டெய்ல்கள்: பக்குவம் சூட்டில் இருக்கிறது

டிசம்பர் விருந்துக்கு வீட்டிலேயே காக்டெய்ல் கலக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ரம், எந்த விஸ்கி என்றுதான். அதற்கு முன்னால் ஒரு சமையல் தெர்மாமீட்டரை வாங்கி வையுங்கள். குளிர்காலப் பானங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் சூட்டால்தான். ஒயின் கொதித்தால் மணம் போய்விடும், முட்டை திரிந்தால் பானம் பொரியலாகிவிடும், தேங்காய்ப்பால் அதிகம் குளிர்ந்தால் கட்டி தட்டும். சுமாரான சரக்கிலும் நல்ல பானம் செய்துவிடலாம். சூடு தவறிவிட்டால் விலையுயர்ந்த புட்டியும் காப்பாற்றாது.

தெர்மாமீட்டர் தவிர வேண்டியவை குறைவு. எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, மெல்லிய வடிகட்டி ஒன்று, மி.லி. அளவு போட்ட குவளை ஒன்று, சாதிக்காய் துருவச் சின்னத் துருவல் ஒன்று. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஒயினிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் உள்ள புளிப்பு அதோடு வினைபுரிந்து உலோக வாடையைக் கொடுக்கும்.

க்ளூவைன்

ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் குளிருக்கு இதமாகக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்கும் மசாலா ஒயின் இது. டிரெஸ்டன் நகரத்தின் ஸ்ட்ரீட்ஸெல் சந்தை 1434-ல் தொடங்கியது. அந்த வகைச் சந்தைகளின் அடையாளமாகவே இன்று க்ளூவைன் இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் இதன் உறவுக்காரப் பானத்தை க்ளோக் என்பார்கள். அதில் பாதாம், உலர்திராட்சை போட்டுக் கரண்டியோடு கொடுப்பார்கள்.

ஆறு பேருக்கு: சிவப்பு ஒயின் ஒரு புட்டி (750 மி.லி.), தண்ணீர் 150 மி.லி., சர்க்கரை 80 கிராம், 8 செ.மீ. நீளப் பட்டை ஒன்று, கிராம்பு 6, அன்னாசிப்பூ 2, தட்டிய ஏலக்காய் 3, ஆரஞ்சு 1.

எல்லாவற்றையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பட்டையும் கிராம்பும் தம் சாரத்தை இறக்கக் கொதிக்க வேண்டும். ஒயினோ கொதிக்கவே கூடாது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால், ஒன்று மசாலா ஏறாது, இல்லையென்றால் ஒயின் வெந்துவிடும். ஆகவே தண்ணீர், சர்க்கரை, மசாலாவை மட்டும் மூடி போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஆரஞ்சுத் தோலை மெல்லிய பட்டைகளாகச் சீவிப் போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். தோலுக்கு உள்பக்கம் உள்ள வெள்ளைச் சதை வரக் கூடாது, கசப்பு அதில்தான் இருக்கிறது. ஆரஞ்சை வட்டம் வட்டமாக வெட்டி ஒயினில் மிதக்கவிடும் படங்கள் அழகாக இருக்கும். அப்படி ஒரு மணி நேரம் சூட்டில் கிடந்தால் பானம் கசந்துவிடும். வட்டத் துண்டு வேண்டுமானால் கோப்பையில் ஊற்றும்போது போடுங்கள்.

பாகை வடிகட்டி, ஒயினையும் பிழிந்த ஆரஞ்சுச் சாற்றையும் சேர்த்து, தெர்மாமீட்டர் 70 டிகிரி செல்சியஸ் காட்டும்வரை சூடாக்குங்கள். 75-ஐத் தாண்ட விடாதீர்கள். தூய ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். ஒயினில் தண்ணீர் கலந்திருப்பதால் அந்த டிகிரியில் எல்லாம் ஒரேயடியாகப் பறந்துவிடாது. ஆனால் 80-ஐ நெருங்கும்போது ஆல்கஹாலோடு பழமணமும் ஆவியில் ஏறிப் போய், எஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும்தான். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கண்ணால் பாருங்கள்: மேலே மெல்ல ஆவி பறக்க வேண்டும், ஓரத்தில் ஒரு குமிழிகூட எழக் கூடாது. விருந்து முழுக்கச் சூடாக வைக்க, ரைஸ் குக்கரின் ‘வார்ம்’ நிலை நன்றாக உதவும். முதல் பத்து நிமிடம் சூட்டை அளந்து பார்த்துக்கொண்டால் போதும். மூடியைத் திறந்து வைக்காதீர்கள்.

எந்த ஒயின்? மெர்லோ, க்ரெனாஷ் போன்ற பழச்சுவையுள்ள, துவர்ப்பு குறைந்த, விலை குறைந்த ஒயின் போதும். மரப்பீப்பாயில் நாளாக வைத்த கனமான கேபர்னே சோவின்யோன் வேண்டாம். சூட்டில் அதன் துவர்ப்பு முன்னால் வந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும்.

மசாலா முழுதாகத்தான் இருக்க வேண்டும். பொடி போட்டால் எவ்வளவு வடிகட்டினாலும் கலங்கலாக, அடியில் மண்டியாக நிற்கும். கிராம்பு ஆறுக்கு மேல் போனால் நாக்கு மரத்துப்போகும், பல்வலி மருந்தின் வாசனை வரும். அன்னாசிப்பூவும் அப்படித்தான், மூன்றாவதைப் போட்டால் அது மட்டும்தான் மணக்கும். பட்டையில், சுருள் சுருளாக மெல்லிய அடுக்குகள் உள்ள இலங்கைக் கறுவாப்பட்டை கிடைத்தால் அதையே போடுங்கள், மணம் நளினமாக இருக்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் கனத்த காசியாப் பட்டை காரமானது, பாதி அளவு போதும்.

இந்த அளவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரும். 13 சதவீத ஒயின் என்றால் பானத்தில் ஆல்கஹால் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி க்ளூவைன் என்று விற்பதில் குறைந்தது 7 சதவீதம் இருக்க வேண்டும். ஆகவே நீர்த்துவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். ஒரு கோப்பையில் உள்ள ஆல்கஹால் ஒரு சின்ன பெக்கைவிடச் சற்றே அதிகம். சூடாகவும் இனிப்பாகவும் இருப்பதால் குடிப்பவருக்கு அது தெரியாது. அளவை விருந்தளிப்பவர்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். இன்னும் உறைப்பாக வேண்டும் என்பவரின் கோப்பையில் மட்டும் 20 மி.லி. ரம் அல்லது பிராந்தி ஊற்றுங்கள். மொத்தப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் வேண்டாதவர்களுக்கு வேறு பானம் இராது.

குழந்தைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் ஜெர்மன் சந்தைகளில் கிண்டர்புன்ஷ் என்ற ஒன்று உண்டு. கறுப்புத் திராட்சைச் சாறு 750 மி.லி., பால் சேர்க்காத தேநீர் 200 மி.லி., எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, அதே மசாலா. சர்க்கரை வேண்டாம், சாறே போதுமான இனிப்பு. ஒயினின் துவர்ப்பு இருந்த இடத்தைத் தேநீர் நிரப்பும். அதை விட்டுவிட்டால் வெறும் சூடான ஜூஸ்தான்.

சர்க்கரைக் கூம்பில் ரம் ஊற்றிக் கொளுத்தி ஒயினுக்குள் சொட்டவிடும் ஃபாயர்சாங்கன்போலேயும் ஜெர்மனியில் உண்டு. அதற்கு 54 சதவீத ரம் வேண்டும், சாதாரண ரம்மில் சர்க்கரை சரியாகப் பற்றாது. நெருப்பு எரியும்போது புட்டியிலிருந்து நேராக ஊற்றவே கூடாது. தீ புட்டிக்குள் ஏறிவிடும். கரண்டியில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். திரைச்சீலையும் குழந்தைகளும் உள்ள சின்ன வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

எக்நாக்

அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் பானம். பால், முட்டை, கிரீம், சாதிக்காய், சரக்கு. கஸ்டர்டு காய்ச்சத் தெரிந்தவருக்கு இது கைவந்த வேலை. எட்டுப் பேருக்கு: முட்டை மஞ்சள் கரு 6, சர்க்கரை 120 கிராம், முழுக்கொழுப்புப் பால் 500 மி.லி., கிரீம் 250 மி.லி., துருவிய சாதிக்காய் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, போர்பன் விஸ்கி 100 மி.லி., டார்க் ரம் 50 மி.லி.

பழைய முறையில் பச்சை முட்டையையே அடிப்பார்கள். சால்மொனெல்லா கிருமியின் ஆபத்து இருப்பதால், கர்ப்பிணிகளும் வயதானவர்களும் வரும் விருந்துக்கு அது ஆகாது. சரக்கு ஊற்றிவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள். இந்த அளவு ஆல்கஹால் அதற்குப் போதாது. காய்ச்சும் முறையே நல்லது.

மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் சேர்த்தவுடனே அடிக்கத் தொடங்குங்கள். சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போன் பேசப் போனால், அது கருவின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப் புள்ளிகளாக்கிவிடும். பிறகு அவை கரையாது. நிறம் வெளுக்கும்வரை இரண்டு நிமிடம் அடித்தால் போதும். இன்னொரு பாத்திரத்தில் பால், உப்பு, சாதிக்காயை ஓரத்தில் குமிழி கட்டும்வரை சூடாக்கி, ஒரு கரண்டி பாலை நூல்போல ஊற்றியபடி கருவைக் கலக்குங்கள். பிறகு இன்னொரு கரண்டி. பாதிப் பால் உள்ளே போனதும் எல்லாவற்றையும் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றி, மிகச் சிறு தீயில், மரக்கரண்டியால் அடியை வழித்தபடி கிண்டுங்கள். சூடான பாலை ஒரேயடியாகக் கொட்டினால் கரு அந்த இடத்திலேயே வெந்து நூல் நூலாகிவிடும்.

71 டிகிரி தொட்டால் முட்டை பாதுகாப்பான நிலைக்கு வந்துவிட்டது. 76-ல் கரண்டியின் முதுகில் பூசியதுபோல் ஒட்டும். விரலால் ஒரு கோடு கிழித்தால் கோடு கலையாமல் நிற்கும். அங்கேயே இறக்கிவிடுங்கள். 82-ஐத் தாண்டினால் திரியத் தொடங்கும். இடையில் இருப்பது ஆறு டிகிரிதான், கேஸ் அடுப்பிலோ இண்டக்ஷனிலோ அது அரை நிமிடத்தில் கடந்துவிடும். பயமாக இருந்தால் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் பாத்திரம் வைத்துக் காய்ச்சுங்கள். நேரம் இரட்டிப்பாகும், கைதவறுவது குறையும். லேசாகத் திரிந்துவிட்டதா? உடனே குளிர்ந்த கிரீமை ஊற்றி மிக்ஸியில் அரை நிமிடம் அடித்து வடிகட்டினால் தேறிவிடும். முழுதும் திரிந்திருந்தால் தேறாது.

வடிகட்டி, கிரீமைச் சேர்த்து, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து ஆற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகே சரக்கு, அதுவும் கிண்டியபடி மெல்ல மெல்ல. சூட்டிலேயே மொத்தமாக ஊற்றினால், தப்பிப் பிழைத்த கஸ்டர்டு அப்போது திரிந்துவிடும். குறைந்தது நான்கு மணி நேரம் குளிர்பதனப்பெட்டியில் இருக்க வேண்டும். முதல்நாளே செய்து வைத்தால் சரக்கின் காரம் தணிந்து பாலோடு சேர்ந்திருக்கும். மூன்று நாளுக்குமேல் வைக்க வேண்டாம். கோப்பையில் ஊற்றியபின் மேலே சாதிக்காயை அப்போதே துருவுங்கள். டப்பாவில் வரும் சாதிக்காய்ப் பொடியில் அந்த மணம் இராது.

பாயசம்போல இறங்கும் பானம் இது, போதை பிந்தித்தான் தெரியும். 1826 கிறிஸ்துமஸ் சமயத்தில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்கள் திருட்டுத்தனமாக விஸ்கி கொண்டுவந்து எக்நாக் கலக்கிக் குடித்து, விடுதியின் சன்னல்களை உடைத்த சம்பவத்துக்கு ‘எக்நாக் கலவரம்’ என்றே பெயர். 120 மி.லி. சின்னக் கோப்பையில் கொடுங்கள்.

கொக்கீத்தோ

முட்டை சேர்க்காதவர்களுக்கு புவேர்ட்டோ ரிக்கோவின் கிறிஸ்துமஸ் பானம். கெட்டித் தேங்காய்ப்பால் 400 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் 300 கிராம், வெள்ளை ரம் 200 மி.லி., பட்டைப்பொடி அரைத் தேக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி. மிக்ஸியில் ஒரு நிமிடம் அடித்துப் புட்டியில் ஊற்றிக் குளிரவைக்க வேண்டியதுதான். டப்பா அல்லது பாக்கெட் தேங்காய்ப்பாலே இதற்கு வசதி. வீட்டில் பிழிந்தால் முதல் பாலை மட்டும் எடுங்கள், அன்றே குடித்து முடித்துவிடுங்கள்.

குளிர்பதனப்பெட்டியிலிருந்து எடுக்கும்போது மேலே வெள்ளைக் கட்டிகள் மிதந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அவ்வளவுதான். இருபது நிமிடம் வெளியே வைத்து நன்றாகக் குலுக்கினால் கரைந்துவிடும்.

ஹாட் டாடி

ஒருவருக்கு ஒரு கோப்பை, இரண்டு நிமிட வேலை. டாடி என்ற சொல் நம் பக்கத்துக் கள்ளிலிருந்து போனது. பனங்கள்ளைக் குறிக்கும் இந்திச் சொல் தாடி ஆங்கிலத்தில் டாடியாகி, பின்னர் ஸ்காட்லாந்தின் சூடான விஸ்கிப் பானத்துக்கும் பெயராயிற்று.

கோப்பையில் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். குளிர்ந்த கோப்பை முதல் மிடறுக்குள் சூட்டைத் தின்றுவிடும், கண்ணாடியானால் விரிசலும் விடலாம். தேன் ஒரு மேசைக்கரண்டி, அதன்மேல் சூடான நீர் 120 மி.லி., தேன் கரைந்தபின் விஸ்கி 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி. நம் சின்ன எலுமிச்சை வெளிநாட்டு மஞ்சள் எலுமிச்சையைவிடப் புளிப்பு அதிகம், 10 மி.லி.யில் தொடங்கிச் சுவை பாருங்கள். நீரைக் கொதித்தவுடனே ஊற்றாமல் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையென்றால் மூக்கருகே கொண்டுபோனதும் ஆல்கஹால் ஆவி குத்தும்.

குளிர்ந்த ஒன்று

சூடான, கெட்டியான பானங்களுக்கு நடுவே புளிப்பும் நுரையுமாக ஒன்று இருந்தால்தான் விருந்து திகட்டாது. ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) 15 மி.லி., இனிப்புக் குறைந்த கிரான்பெர்ரிச் சாறு 60 மி.லி., மேலே ஸ்பார்க்லிங் ஒயின் 100 மி.லி. இந்தக் கலவைக்கு அமெரிக்காவில் பாயின்செட்டியா என்று பெயர். மூன்றுமே முன்கூட்டிக் குளிர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் இதில் ஐஸ் கிடையாது. வெதுவெதுப்பான சாற்றில் ஒயினை ஊற்றினால் நுரை பொங்கி வழிந்து, கோப்பையில் சப்பென்று ஆகிவிடும். ஒயின் எப்போதும் கடைசியில், கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றுங்கள். குலுக்கவோ வேகமாகக் கலக்கவோ வேண்டாம்.

பெரிய கிண்ணத்தில் பலருக்குச் சேர்த்துக் கலப்பதானால் ஐஸ் வேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் வேண்டாம், அரை மணியில் கரைந்து பானத்தைத் தண்ணீராக்கும். முதல்நாள் இரவே ஒரு லிட்டர் டப்பாவில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, அந்த ஒற்றைக் கட்டியைப் போடுங்கள். ஒயின் புட்டியை விருந்தினர் வந்தபிறகே திறக்க வேண்டும்.

மிஞ்சிய க்ளூவைனை வடிகட்டி மூடி வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுபடி சூடாக்கினாலும் 70 டிகிரிதான். கோப்பைகளுக்குப் போதாத அளவு மிஞ்சினால், தோல் சீவிய பேரிக்காயை அதில் போட்டு மெல்ல வேகவையுங்கள். அங்கே கொதித்தால் பரவாயில்லை.