தைராய்டு மாத்திரையும் எலும்பும்: வயதானவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது, "இந்த அளவை எழுதிக் கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்பதைத்தான். நாற்பது வயதில் 100 மைக்ரோகிராம் சரியாக இருந்திருக்கும். எழுபதில் எடையும் தசையும் குறைந்த பிறகு அதுவே அதிகமாகிவிடலாம். பரிசோதிக்காமல் பழைய அளவையே தொடர்வதுதான் பெரிய தவறு.

எலும்பு கரைந்து, மறுபடி கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 200 நாள். மாத்திரை அளவு கூடித் தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அந்தச் சுற்று பாதியாகச் சுருங்கிவிடும். கரையும் வேகத்துக்குக் கட்டும் வேலை ஈடுகொடுக்காது. வலியே இருக்காது. லேசாகத் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

அடுத்தது, ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிப்பது. டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்) 0.05 என்றிருந்தால், "குறைவாத்தானே இருக்கு, நல்லதுதான்" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். கணக்கு தலைகீழ்: டி.எஸ்.எச். இவ்வளவு இறங்கியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் கூடியிருக்கிறது என்று அர்த்தம். 0.1-க்குக் கீழே போனால் எலும்பு முறிவுக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் வாய்ப்பு கூடும். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கு மருத்துவர் வேண்டுமென்றேதான் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்து வைத்திருப்பார். மாத்திரை அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனை செய்ய வேண்டும்.

எலும்புக்கு நல்லதென்று கால்சியம் மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதும் நடக்கிறது. கால்சியம் தைராய்டு மருந்தை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. டி.எஸ்.எச். ஏறும், மருத்துவரும் அளவைக் கூட்டுவார். அப்புறம் கால்சியத்தை நிறுத்தினால், கூட்டிய அளவு முழுசாக உள்ளே போய் எலும்பைக் கரைக்கும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான்.

மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கும் தைராய்டு மிகுதி வரலாம். வயதானவர்களுக்குப் படபடப்பு இல்லாமல், சோர்வும் எடைக் குறைவும் மட்டுமே தெரியலாம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்கள், டி.எஸ்.எச். நீண்ட நாள் குறைந்தே இருந்தால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதில் டி-ஸ்கோர் (இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்ட மதிப்பெண்) -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அதற்குத் தனி மருந்து தேவைப்படலாம்.